பெக்சாத் வாய் திறந்த கடை

மலையூரான நாரினிலிருந்து தலைநகர் பிஷ்கெக் போகிற சாலையில் எத்தனை சாப்பாட்டுக் கடை உண்டோ, அத்தனையிலும் புருல்ச்சா உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். தன் நாக்கு ருசிக்காக அல்ல, மடியிலிருந்த மகன் பெக்சாத்துக்காக. இரண்டு வயது தாண்டியும் பூனைக்குட்டி கனம்தான். நெஞ்சில் ஓட்டை. பத்து கிலோ வந்தால்தான் கத்தி வைப்போம் என்று பிஷ்கெக் டாக்டர் சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை எடை பார்க்கப் போக வேண்டும். மாதம் முழுக்க ஊட்டி ஏற்றியதை, வழியில் வாயை மூடிக்கொண்டு பிள்ளை ஒரே நாளில் இறக்கிவிடும்.

பெயர்ப்பலகை பெரிதாக இருந்தால் கடை நல்ல கடை ஆகிவிடாது. புருல்ச்சா முதலில் அடுப்படியைத்தான் எட்டிப் பார்ப்பாள். பிள்ளை தவழ மேடை இருக்கிறதா, சூப் சிந்தினால் முகம் சுளிப்பார்களா என்று பார்ப்பாள். சில கடைகளில் பிள்ளையின் நீல உதட்டைக் கண்டதும் மற்ற தாய்மார்கள் தங்கள் குழந்தைகளை அப்பால் இழுத்துக்கொள்வார்கள். அங்கே அப்புறம் அவள் கால் வைப்பதில்லை.

வழியிலுள்ள சாரி-புலாக்கில் டொக்டொகான் என்பவளின் கடையில்தான் அது நடந்தது. கேட்காமலே மாவு இழைகளைப் பொடியாக நறுக்கி, மிளகு போடாமல், சூப்பை ஆறவைத்துக் கொண்டுவந்தாள். பெக்சாத் தானாக வாயைத் திறந்தான். அரைக் கிண்ணம் இறங்கியது. அந்த நேரம் பார்த்து டொக்டொகான் அவளுக்குத் தேநீரை விளிம்பு வரை ஊற்றிவிட்டுப் போனாள்.

பாதி ஊற்றினால் இன்னும் இரு என்று பொருள். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். இது தெரியாதவர் இந்த மலையில் உண்டா? நீல உதட்டுக்காகத்தான் விரட்டுகிறாள் என்று புருல்ச்சா முடிவு கட்டினாள். தேநீரைத் தொடவில்லை. முன்னால் வைத்த ரொட்டியை அவமதிக்கக் கூடாதென்று ஒரு துணுக்கை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு, மென்றுகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

அதன்பின் மூன்று மாதம் மற்ற கடைகளெல்லாம் ஏறி இறங்கினாள். பிள்ளை வாய் திறக்கவில்லை. ஒன்பதரை ஒன்பதாயிற்று. இன்னும் இறங்கினால் ஆபரேஷன் வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்றார் டாக்டர். சுருக்கென்று பேசுகிறவர் அல்ல அவர். அதனால்தான் அது அதிகம் வலித்தது.

அடுத்த பயணத்தில் வழக்கமாக அவளை ஏற்றிப் போகிற, தேநீர்க் கதையும் தெரிந்த வாடகைக் கார்க்காரன் சாகின், அவளைக் கேட்காமலே அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"ஒரு கிண்ணம் டீயை மூணு மாசமா சுமக்குறியே தங்கச்சி. அதைத் தராசுல வெச்சா பத்து கிலோவுக்கு மேல வரும். இறங்கு."

இறங்கினாள். தலைக்குட்டையைச் சரிசெய்யக்கூட இல்லை. அடுப்படி வாசலில் நின்று கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு ஏன் நிறைச்சு ஊத்துனீங்க?"

டொக்டொகான் மாவு பிசைந்த கையோடு திரும்பினாள். "நான் பக்கத்துல வர்றப்பல்லாம் உன் பிள்ளை வாயை மூடிக்கிச்சு. பாதி பாதியா ஊத்த எத்தனை தடவை வர்றது? ஒரேயடியா ஊத்திட்டு ஒதுங்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அவன் வெச்ச மிச்ச சூப்பை நானே குடிச்சேன். நீ டீயைத் தொடாம போனதுல எனக்கும் கோவம்தான்" என்றாள்.

புருல்ச்சா பிள்ளையை மேடையில் இறக்கினாள். டொக்டொகான் சூப்பை வைத்துவிட்டு, அவன் கண்ணில் படாதபடி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அன்று முதல் போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள் அந்தக் கடையிலேயே தங்கினாள். முதல் பனி விழுந்தபோது தராசு பத்துக்கு நூறு கிராம் குறைவாகக் காட்டியது. போதும் என்றார் டாக்டர்.

கத்தி வைக்கிற நாள் காலையில் பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதென்று செவிலி சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி நடையில் பெக்சாத் அவள் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பி, "சூப்" என்றான். பிறந்ததிலிருந்து அவன் வாயால் கேட்ட முதல் சாப்பாடு அது.

"இல்லடா கண்ணு."

மறுபடி கேட்டான். அடுப்பு வாசனை வராத பக்கமாக அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஆபரேஷன் அறைக் கதவு வரை கேட்டுக்கொண்டே போனான். அங்கே அவனை வாங்கிக்கொண்டார்கள்.

பொழுது சாயும்முன் டாக்டர் வந்து ஓட்டையை அடைத்தாயிற்று, மூச்சு சீராக இருக்கிறது என்றார். புருல்ச்சா இருதயத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"எப்போ சாப்பிடக் கொடுக்கலாம்?"

"நாளைக்கு. முதல்ல ஒரு ஸ்பூன் தண்ணி."