எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம்

எங்கள் அப்பா இல்லாமல் ஒரு வருடத்தை எப்படியோ தள்ளிவிட்டோம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உங்களில் பலர் அப்பாவைத் தங்கமான மனிதர் என்று சொல்வீர்கள். கூடவே, “மகள் படிப்பில் மட்டும் தப்புப் பண்ணிவிட்டார்” என்றும் சொல்வீர்கள். அந்த மகள் நான்தான். அந்த ஒரு பேச்சைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

அப்பா, புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அம்பகரத்தூரில் பிறந்தவர். எட்டாவது படிக்கும்போது தாத்தா இறந்துவிட, புத்தகப் பையை வைத்துவிட்டு வயலில் இறங்கினார். எங்களுடையது கடைமடை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசி ஓய்ந்த பிறகுதான் எங்கள் வாய்க்காலுக்கு வரும். சில வருடம் வராது. வந்த வருடம் அறுப்பு நேரத்தில் மழை வரும். அப்பா யாரையும் திட்டியதில்லை. வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். நான் வேளாண்மை படிக்க வேண்டும் என்று ஒன்பதாவதிலேயே சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். “படிச்சுட்டு வந்து மொதல்ல நம்ம வயலுக்கு வைத்தியம் பாரு பாப்பா” என்று கேலி செய்வார்.

பத்தாவது முடித்ததும் என் தோழிகள் இரண்டு பேர் எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தார்கள். பள்ளியின் மஞ்சள் வேன் எங்கள் தெருமுனை வரைக்கும் வரும். கழுத்தில் டை. அங்கே படித்தால் மதிப்பெண் கொட்டும் என்று பேச்சு. நானும் அங்கேதான் சேருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

அப்பா சும்மா இருக்கவில்லை. நான் படித்த பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டு வந்தார். “காரைக்கால் புள்ளைகளுக்குன்னு தனி ஒதுக்கீடு இருக்காம். பதினொண்ணு, பன்னெண்டும் இங்கயே படிச்சாத்தான் கெடைக்குமாம். அந்தப் பக்கம் போனா அதுவும் போச்சு. வேண்டாம் பாப்பா” என்றார்.

“எட்டாவது படிச்ச உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டேன்.

நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னை அழைத்துப்போய் அந்தப் பள்ளியில் சேர்த்துவிட்டார்.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. ஆனால் இங்கே வேளாண்மைக்கு விண்ணப்பித்தபோது, கடைசி இரண்டு வருடம் வெளியே படித்ததால் காரைக்கால் ஒதுக்கீடு கிடையாது என்றார்கள். தமிழ்நாட்டில் விண்ணப்பித்தால், இருப்பிடச் சான்று புதுச்சேரி என்று இருக்கிறதே, தமிழ்நாட்டில் இரண்டு வருடம்தானே படித்திருக்கிறாய் என்றார்கள். அந்த இரண்டு வருடம் இங்கே கெடுக்கப் போதுமானதாக இருந்தது, அங்கே சேர்க்கப் போதவில்லை. இங்கேயே படித்து என்னைவிடக் குறைவாக எடுத்த ஒருத்தி நான் ஆசைப்பட்ட வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

சேதி கேட்டு உறவினர் வந்தார்கள். வீட்டில் மூத்தவரான என் அத்தை முதல் ஆளாகக் கேட்டார்: “ஏன்டா தம்பி, பொம்பளப் புள்ள பேச்சக் கேட்டு ஆடுனியா?”

“அவ சின்னப் புள்ள, என்னத்தக் கண்டா? நான்தான்க்கா மாத்துனேன். நாலு மார்க்கு கூட வரும்னு நெனச்சுப்புட்டேன்.”

“எட்டாவது படிச்சவனுக்கு எதுக்குடா இந்த வேல?”

நான் சொன்ன அதே வார்த்தை. அறைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து உண்மையைச் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார்: “நீன்னு தெரிஞ்சா, படிச்சது போதும், மாப்புள்ள பாருன்னு ஆரம்பிச்சுடுவாங்க. என்னயச் சொன்னா என்ன, தின்னுப்புடுவாங்களா?”

பிறகு அவரே அலைந்து விசாரித்து என்னை ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்பில் சேர்த்தார். இன்று காரைக்காலில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறேன். பிழைப்புக்குக் குறைவில்லை. வயல்தான் வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் குத்தகைக்குப் போய்விட்டது.

அப்பா அதோடு விட்டிருக்கலாம். பத்தாவது முடிவு வரும் ஒவ்வொரு வருடமும், பிள்ளை தேறிய வீடெல்லாம் தேடிப் போவார். பேருந்து நிறுத்தத்தில் யாராவது சிக்கினாலும் விடமாட்டார். “எங்க சேக்கப் போறீங்க? அந்தப் பக்கம் மட்டும் அனுப்பிடாதீங்க. எம் மவளுக்கு நான் பண்ணுன தப்ப நீங்க பண்ணிடாதீங்க” என்பார். என் தப்பைத் தன் பெயரில் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். கேட்டவர்கள் தப்பித்தார்கள். அப்பாவின் பெயர் மட்டும் கெட்டது.

சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் கிடந்த கடைசி நாட்களில் நானே அவருக்கு ரத்தம் எடுத்தேன். ஊசி குத்த இடமில்லாமல் கை வீங்கியிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் பத்தாவது எழுதியிருக்கிறாள் என்று தெரிந்ததும், மூச்சு வாங்க அதே கதையைத் தொடங்கினார்: “எம் மவளுக்கு நான் பண்ணுன தப்பு...”

என்னால் தாங்க முடியவில்லை. “அப்பா, அது நீங்க இல்ல, நான்...” என்றேன்.

வீங்கிய கையைத் தூக்கி என் பேச்சை நிறுத்தினார். “கஞ்சி ஆறிடப் போவுது, குடு பாப்பா.”

கொடுத்தேன். மூன்று நாளில் போய்விட்டார்.

இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அப்பா தடுத்து நிறுத்திய பிள்ளைகள், இன்று கல்லூரியில் படிப்பவர்கள், விடுப்பு எடுத்து வந்து அவரைச் சுமந்தார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வணங்குகிறேன்.

அத்தை, உங்களுக்குக் கண் சரியில்லை. யாராவது இதை வாசித்துக் காட்டுவார்கள். தம்பி புள்ளையைக் கெடுத்துட்டான் என்று இனிமேல் சொல்லாதீர்கள். திட்ட வேண்டுமானால் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார்.