தொக்சுவின் காதுகள்

பீச் பழத்துக்குப் பேர்போன சோங்தோவில் லாரியில் மூடிய பழப்பெட்டிகளை ஏற்றும் தொக்சு, நாற்பது வயதுவரை அந்தப் பழத்தை வாயில் வைத்ததில்லை. சிறுவயதில் தோட்டத்தில் விளையாடியபோது உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அன்றோடு வீட்டில் பழத்துக்குத் தடை. ஒவ்வாமை மருத்துவம் பயிலும் தங்கை யேரிம்தான் அவனை மருத்துவமனைக்கு இழுத்து வந்தாள். "அன்னிக்கு உடம்பு தடிச்சதுக்குக் காரணம் பழமில்ல, தோல்மேல இருக்கிற சுணையா இருக்கும்ணே. சோதிச்சுப் பாத்துடலாம்."

பயிற்சி மருத்துவர்கள் சூழ்ந்து நிற்க, தோல் சீவிய துண்டுகளைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தாள் யேரிம். அவளுடைய பேராசிரியர் மெச்சினார்: "இந்த வருஷம் வந்தவங்கள்ல யேரிம்தான் கெட்டிக்காரி."

தொக்சுவின் காதுகள் இரண்டும் சிவந்தன.

"ஐயோ, ஒவ்வாமை! நிறுத்திடலாம்!" என்று ஒரு பயிற்சி மருத்துவர் பதறினார். இனி ஆயுசுக்கும் பழம் கிடையாது என்று தொக்சுவுக்கு நெஞ்சு கனத்தது.

யேரிம் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் மூச்சு, நாடி, வாய், தோல் எல்லாம் பார்த்தாள். அரிப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. "கொஞ்சம் பொறுப்போம்" என்றாள். சற்று நேரத்தில் சிவப்பு வடிந்தது.

"சார், என்னை இன்னொரு தடவை பாராட்டுங்க."

"நல்லா இருக்கே! சரி, யேரிம் மகா கெட்டிக்காரி."

காதுகள் மறுபடி சிவந்தன. அறையே சிரித்தது.

"என்னை யாராவது புகழ்ந்தா இவருக்குக் காதுல தெரியும் சார். நான் ஸ்கூல்ல பரிசு வாங்கினப்பவே இப்படித்தான்."

"போடி வாயாடி! மிச்சத்தைக் குடு" என்று தொக்சு கை நீட்டினான். பேராசிரியர் தலையசைத்தார்.

தட்டு காலியாகும்வரை அவன் காதுகள் வெளுக்கவே இல்லை.