இரண்டாவது துரும்பு

இங்கே தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் தெருவில் வந்தால், கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்கிறார்கள். ஓமான் நாட்டில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஒரு பேரீச்சந்தோட்டத்தில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, போகிறவர் யாரோ பெரிய அதிகாரி போலிருக்கிறது என்று நானும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றேன். அவர் காலில் சேறு. கையில் ஒரு குச்சி. மலையிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீரை எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு நேரம் விடுவது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஊரார் அவரை அரீஃப் என்றார்கள். பெயர் போலிருக்கிறது என்று ஒரு வருடம் நானும் அப்படியே கூப்பிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது பதவி. அரபியில் அந்தச் சொல்லுக்கு ‘அறிந்தவர்’ என்று பொருளாம்.

அது தெரிந்த அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் இதே வேலையை மிராசுதாரின் பண்ணையில் முப்பது வருடம் செய்தவர் என் அப்பா கோவிந்தன். அவரை ஊர் கூப்பிட்ட பெயர் மடையன். படித்தவர்கள் அந்தச் சொல்லுக்கும் வாய்க்கால் மடைக்கும் சம்பந்தமில்லை, அது மடமையிலிருந்து வந்தது என்கிறார்கள். இருக்கட்டும். நான் ஐந்தாம் வகுப்பு. அவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனால் பண்ணைக் காரியக்காரர் அந்தச் சொல்லை வீசும்போதெல்லாம் அப்பா மடையில், இடுப்பளவு தண்ணீரில், மண்வெட்டியோடுதான் நின்றிருந்தார். எனக்கு அந்தச் சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நான் கூட்டத்தில் பேசத் தெரியாதவன். பத்தாவது தேறாதவன் என்பதற்கு என் பாஸ்போர்ட்டிலேயே ஒரு முத்திரை உண்டு. விமான நிலையத்தில் அதைப் பார்த்ததும் அதிகாரியின் குரல் மாறும், ‘நீங்க’ போய் ‘நீ’ வரும். அதையெல்லாம் தலை குனிந்தே கடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் போன வருடம் இந்த ஊர் நடுவில் நின்று தலையை நிமிர்த்திப் பேசினேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் தோட்டத்துக்கு மேலே இருப்பது நாசர் என்பவரின் தோட்டம். அங்கே வேலை செய்பவன் ரஃபீக், வங்காளதேசத்துக்காரன், என் கூட்டாளி. நாங்கள் பேசுவது பாதி அரபி, பாதி இந்தி, மீதி கைஜாடை. தண்ணீர் முதலில் எங்கள் முறை, அடுத்தது அவர்கள் முறை. நாசரின் வாய்மடையைக் கல்லும் துணியும் வைத்து அடைத்தால் தண்ணீர் கீழே எங்களுக்கு வரும்; திறந்தால் அங்கேயே திரும்பிவிடும். நேரத்துக்குக் கடிகாரம் கிடையாது. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு, தரையில் வரிசையாகக் கற்கள் பதித்திருக்கிறார்கள். நிழல் கல்லைத் தொட்டால் முறை மாறும். ரஃபீக் இரண்டு மாத லீவில் ஊருக்குப் போனபோது அவன் மடையையும் நானே பார்த்தேன்.

திரும்பி வந்த மறுநாள் காலையில் ரஃபீக் வாய்க்கால் கரையில் நின்று கத்தினான்.

“அண்ணே! நிழல் கல்லத் தாண்டி எவ்வளவு நேரமாச்சு! தூங்குறியா?”

“இருப்பா. இன்னும் முடியல.”

“என்ன முடியல? கல்லு உன் மாமனாரா, காத்திருக்கச் சொல்றதுக்கு?”

“தண்ணி எங்க தோட்டத்துக்குள்ள வந்ததுலேருந்துதான் எங்க முறை. வழியில ஓடுற நேரம் சேராது.”

ரஃபீக் என் முகத்தையே பார்த்தான். “ரெண்டு மாசமும் இப்படியேவா செஞ்சே?” என்றான் மெதுவாக. ஆமாம் என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். மறைக்க அவனால் முடியவில்லை. அவன் முதலாளி நாசர் அவனுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

மதியத் தொழுகைக்குப் பிறகு கம்பத்தடியில் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். தண்ணீர் திருட்டு இங்கே சின்ன விஷயமில்லை. திருடன் என்று முடிவானால் என் முதலாளி ஹமூத் விசாவை ரத்து செய்து அனுப்பிவிடுவார். மன்னார்குடியில் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் என் மகள் படிப்பை நிறுத்த வேண்டியதுதான். ஹமூத் நல்லவர். என்னைத் தனியே இழுத்துக் காதில் சொன்னார்: “ஒரே வார்த்தை சொல், ‘மா அரஃப்’ என்று. முடிந்துவிடும்.” மா அரஃப் என்றால் எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்துவிட்டேன், படிக்காதவன், விட்டுவிடுங்கள்.

இந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன். சொல்லவும் வைத்திருக்கிறேன்.

எனக்கு இருபது வயதிருக்கும். எங்கள் பக்கம் கூலி நெல்லுக்காகவும் குத்தகைக்காகவும் ரத்தம் சிந்தி ஓய்ந்திருந்த காலம். நில உச்சவரம்பில் மிராசுதாரிடமிருந்து எடுத்த உபரி நிலத்தில் அப்பாவுக்கு ஒரு ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது. பட்டா கொடுத்த மேடையில் பகுத்தறிவு, பகுத்தறிவு என்று பேசினார்கள். அப்பா என்னிடம், “பகுத்துன்னா பங்கு பிரிக்கிறதுதானடா? அப்ப தண்ணியையும் பிரிப்பாங்க” என்றார். நம்பினார். நிலம் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருந்தது. மேலே முழுவதும் மிராசுதார் வயல். ஆட்சி மாறியது, கொடி மாறியது, நிலத்தின் பேரும் மாறியது. மடை மட்டும் மாறவில்லை.

அந்த வருடம் தண்ணீர் தட்டுப்பாடு. முறை வைத்தார்கள். எங்களுக்கு மூன்று மணி நேரம். மேல்மடையை அடைத்த நிமிடத்திலிருந்து எங்கள் முறை என்றார் காரியக்காரர். அப்பா ஒரு வைக்கோல் துரும்பை மேல்மடையில் மிதக்கவிட்டு அதன் கூடவே கரையில் நடந்தார். துரும்பு எங்கள் வயலுக்கு வந்து சேர்வதற்குள் ஏழு பீடி முடிந்தது. மூன்று மணியில் ஒரு மணி வாய்க்காலுக்கே போய்விடுகிறது. அதனால் முறை முடிந்ததும் அப்பா, காரியக்காரரின் ஆளை மடை திறக்க விடாமல், மேல்மடையில் குறுக்கே நின்று ஏழு பீடி நேரம் கூடுதலாகத் தண்ணீர் விட்டார். தண்ணீர் திருட்டு என்று தாலுகா ஆபீசில் மனு தாக்கலானது.

விசாரித்த அதிகாரி கேட்டார்: “எத்தனாவது படிச்சிருக்கே?”

“பள்ளிக்கொடம் போவலீங்கய்யா.”

“அப்பறம் எப்படி அளந்தே?”

“துரும்பு விட்டுப் பாத்தேங்கய்யா. ஏழு பீடி ஆச்சுங்க.”

“ஏழு பீடி குடிச்சா இருமல்தான்யா வரும், கணக்கா வரும்?” என்றார் அவர். ஆபீசே சிரித்தது.

காரியக்காரரும் சேர்ந்துகொண்டார். “தண்ணி நடந்து வர லேட்டாவுதுன்னா, மாட்டு வண்டி கட்டி விடணுமாடா கோயிந்தா?”

“வாய்க்கால்ல ஓடுறத நெல்லு குடிக்குமாங்க? வயல்ல ஏறுனாத்தாங்க தண்ணி” என்றார் அப்பா. அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். அதிகாரியின் முகம் மாறியது. போலீசுக்கு எழுதட்டுமா என்றார். நான்தான் அப்பாவின் தோளைத் தொட்டு, “தெரியாமச் செஞ்சிட்டேன்னு சொல்லிடுங்கப்பா” என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து, “தெரியாமச் செஞ்சிட்டேங்கய்யா. படிக்காதவன்” என்றார்.

கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பயிர் காய்ந்தது. அறுத்ததில் பாதி பதர். அப்பா அதற்குப் பிறகு சாகிறவரை மடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னோடு பேசினார், மாட்டைப் பற்றி, மழையைப் பற்றி. மடையைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே கம்பத்தடியில் என்னிடம் கேள்வி வந்தபோது நான் ஹமூத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டது இப்போதைய அரீஃப், காமிஸ். என்னைவிடப் பத்து வயது இளையவர். “தெரியாமல் செய்தாயா?” என்றார்.

“அன அரஃப்” என்றேன். எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஹமூத் கண்ணை மூடிக்கொண்டார். தோட்ட வேலைக்குப் போதுகிற என் அரபி அதோடு தீர்ந்துவிட்டது. அப்பா செய்ததைச் செய்துகாட்டினேன்: துரும்பை விடுவது போலக் குனிந்து, கரையில் நடந்து, பீடி பற்றவைத்து, ஏழு விரல் காட்டினேன்.

“பார்த்தீர்களா! என் தண்ணீரைத் திருடிக்கொண்டே ஏழு சிகரெட் பிடித்திருக்கிறான்!” என்றார் நாசர். எல்லாரும் சிரித்தார்கள். தாலுகா ஆபீசில் கேட்ட அதே சிரிப்பு. ஆனால் இம்முறை நான் பின்வாங்கவில்லை. மறுபடியும் குனிந்து, மறுபடியும் நடந்து, மறுபடியும் ஏழு விரல் காட்டினேன்.

காமிஸ் சிரிக்கவில்லை. கீழே கிடந்த பேரீச்ச ஓலைக் கீற்று ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, “வா” என்றார். மொத்தக் கூட்டமும் பின்னால் வந்தது. நாசரின் மடையை அடைத்த கணத்தில் கீற்றை விட்டேன். இருவரும் கூடவே நடந்தோம். எங்கள் தோட்டத்துக்கு அது வந்து சேர ஒரு பீடி நேரத்துக்கு மேலேயே ஆனது. நான் காமிஸைப் பார்த்தேன். பார்த்துக்கொள் என்று அப்பாவே சொல்வது போல் இருந்தது.

காமிஸ் தலையசைத்துவிட்டு இன்னொரு கீற்றை எடுத்தார். மறுபடியும் மேலே போனோம். இம்முறை நாசரின் மடையைத் திறந்து, தண்ணீரை அங்கே திருப்பிய அதே கணத்தில், அதற்குக் கீழே வாய்க்காலில் கீற்றைப் போட்டார். மேலே தண்ணீர் திரும்பிய பிறகும் அந்தக் கீற்று ஓடிக்கொண்டே இருந்தது. ஓடிவந்து எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தது. மலைச்சரிவில் காரை பூசிய வாய்க்கால்; வழியில் கிடந்த தண்ணீர் அத்தனையும் எங்களுக்கே வந்துவிடுகிறது. முதலில் தாமதமானது கடைசியில் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேலும் இரண்டு மாதமாக நான் எடுத்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கணக்கு அது என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

“உங்கள் ஊரில் இரண்டாவது கீற்று வராதா?” என்று கேட்டார் காமிஸ்.

“வராது.” உள்ளங்கையைத் தட்டையாக வைத்துக் காட்டினேன். எங்கள் நிலம் தாம்பாளம் போல. மேலே தண்ணீரைத் திருப்பினால் வாய்க்காலில் மட்டம் இறங்கிவிடும். கிடக்கிற தண்ணீர் வயலில் ஏறாது, மண்ணுக்குள் போய்விடும்.

அவர் தன் உள்ளங்கையையும் அதேபோலத் தட்டையாக வைத்துப் பார்த்தார். “அப்படியானால் அங்கே நீ செய்ததுதான் சரி” என்றார்.

“நான் இல்லை. என் அப்பா.”

தீர்ப்பு சுருக்கமாக முடிந்தது. எடுத்த நேரத்தை வரும் இரண்டு மாதத்தில் நாசருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருட்டு இல்லை. ஹமூத் முணுமுணுத்தார், ஒப்புக்கொண்டார். நானும் ஒப்புக்கொண்டேன். தப்பு தப்புதான். தெரியாதவன் என்று மட்டும் சொல்லமாட்டேன். ஒரு தண்ணீரைத் தெரிந்தவன் இன்னொரு தண்ணீரிடம் ஏமாந்தான், அவ்வளவே. எங்கள் தாலுகா அதிகாரிக்குக் கோப்பு இருந்தது, நாற்காலி இருந்தது, வாசலைத் தாண்டினால் வாய்க்கால் இருந்தது. ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்து கஹ்வா, இந்த ஊர்க் காபி, குடிக்கும்போது ரஃபீக் கடைவாயைப் பிடித்துக்கொண்டு, “இந்தத் தண்டத்துக்கு எங்க பாஷையில ஆக்கேல் செலாமின்னு பேரு. புத்திக்குக் குடுக்குற காணிக்கை. புத்தி வர்ற வயசுல வர்ற இந்தப் பல்லுக்கும் ஆக்கேல்னுதான் பேரு. வந்து நாலு நாளாச்சு, புத்தியக் காணோம், வலிதான்” என்றான். அது எங்கள் சொல் என்று காமிஸ் உரிமை கொண்டாடினார். அரபியில் புத்திக்கு அக்ல். ஒட்டகம் ஓடிவிடாமல் முன்காலை மடக்கிக் கட்டுகிற கயிறு இக்கால். அக்ல் அந்தச் சொல்லின் உடன்பிறப்பு என்றார். இவர்களுக்கு அறிவு பாலைவனத்தில், கயிற்றில் தொடங்கியிருக்கிறது. கட்டத் தெரிந்தவன் அறிவாளி.

என் முறை வந்தது. நஷ்டப்பட்டவனைப் பார்த்து எங்கள் ஊரில் புத்திக் கொள்முதல் என்பார்கள், நெல் கொள்முதல் போல என்றேன். ரஃபீக் தொடையில் தட்டிச் சிரித்தான். ஆனால் அதற்கும் மேலே எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது, பட்டறிவு. பட்டு, அனுபவித்து, உடம்பால் அறிந்தது. அந்த அறிவுக்குத் தாசில்தார் கையெழுத்து வேண்டாம். இவ்வளவையும் அவர்களுக்குச் சொல்ல எனக்கு அரபி போதவில்லை. இடுப்பைத் தொட்டுக் காட்டி, “தண்ணீர் இதுவரை” என்றேன். அவர்கள் புரிந்தது போலத் தலையாட்டினார்கள். என்ன புரிந்துகொண்டார்களோ.

இந்த வருட லீவில் ஊருக்குப் போனேன். நிலத்தைத் தம்பி பார்க்கிறான். காலை வெயிலில் மேல்மடைக்கு நடந்துபோய், அடைத்து, ஒரு துரும்பை விட்டேன். நான் பீடியை விட்டு வருடமாகிறது, கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு. அப்பா, ஏழு பீடியும் சரி.

பிறகு மறுபடியும் போய் மேல்மடையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே இரண்டாவது துரும்பைப் போட்டேன். பாதி தூரம் வந்தது. மட்டம் இறங்க இறங்க மெதுவானது. களத்துமேட்டுக்குப் பக்கத்தில் சேற்றில் ஒட்டி நின்றுவிட்டது. கிளம்பிய இடத்துக்கும் இனி அது திரும்பாது. சேர வேண்டிய இடத்துக்கும் தானாக வராது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. ஒரு வாரத்தில் எனக்கு விமானம்.

வாய்க்காலில் இறங்கி அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். வரப்பில் நின்ற தம்பி சிரித்தான்.

“என்னண்ணே, தொரும்பத் தூக்கிக்கிட்டு வர்றீங்க? தானா வராதா அது?”

“வராதுடா” என்றேன். “இங்க வராது.”

வயல்வரை போய் அதைத் தண்ணீரில் விட்டேன்.