மாடு நிக்குது

ஊட்டியில் குளிர்பதனக் கிடங்கு என்றால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். காந்தலில் நான் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அப்படி ஒரு கிடங்கில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் வீட்டுக்காரர், "ஏனுங்க, நாங்க கரியடுப்ப மூட்டிக் குளிர வெரட்டிட்டு இருக்கறம். அவிங்க மிசினு வச்சுக் குளிர உண்டு பண்றாங்களாக்கு?" என்றார். மலைக்குளிர் காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி, காரட்டுக்கும் விதைக்கிழங்குக்கும் ஒரே சீரான குளிர் வேண்டும் என்று விளக்கிப் பார்த்தேன். "அப்ப உங்க காரட்டு எங்களவிடச் சொகவாசிங்க" என்று முடித்துக்கொண்டார்.

அது தேயிலை விழுந்துபோன காலம். பச்சை இலைக்கு விலை இல்லை. குன்னூர் ஏலத்தில் தூள் தேங்கிக் கிடந்தது. சிறு விவசாயிகள் சிலர் தேயிலைச் செடியை வேரோடு பிடுங்கிவிட்டுக் காரட் போட்டார்கள். நான் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த தேயிலைத் தொழிற்சாலை முதலில் வாரத்தில் பாதி நாள் ஓடியது, பிறகு நின்றது. நின்றுவிட்டது என்று யாரும் வந்து சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை கேட் திறக்கவில்லை, அவ்வளவுதான். சில நாள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தோம். அப்புறம் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போனோம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன், திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்றிருக்கிறேன், தூத்துக்குடிப் பக்கம் மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனியில் இருந்திருக்கிறேன். ஓரிடத்தில் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கும். ஐஸ் கம்பெனியில் அமோனியாவோடு பழகியிருந்ததால்தான் கிடங்கில் எடுத்தார்கள். கம்ப்ரசர் ஓட்டுவது, வால்வுகளைப் பார்ப்பது, கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் இணைப்புகளுக்குப் பக்கத்தில் நீட்டி எங்கே வெண்புகை எழுகிறது என்று கசிவைத் தேடுவது, இவை என் வேலை. "சேஃப்டியும் நீங்களே பாத்துக்குங்க" என்று மேனேஜர் கடைசியில் சேர்த்துக்கொண்டார். கோயம்புத்தூரில் படித்துவிட்டு மலைக்குப் புதிதாக வந்தவர். நல்ல மனிதர். குல்லாயைக் கழற்றவே மாட்டார்.

அமோனியா ஒளிந்து வருகிற சாதி இல்லை. துளி கசிந்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும். நிறைய வந்தால் உடம்பில் ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் எரிக்கும். கண், தொண்டை, நெஞ்சு. காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்பார்கள். மலையில் ஈரக்காற்றில் அப்படி நடப்பதில்லை. வெள்ளை மூட்டமாகத் தரையோடு படுத்து, காற்று தள்ளுகிற பக்கம் நகரும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்று போகும் வழிக்குக் குறுக்கே விலகி நடந்தால் தப்பிக்கலாம். விஷயம் இவ்வளவுதான். இதை முப்பது பெண்களின் கால்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அவர்கள் காரட்டைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்தார்கள். எங்கள் தொழிற்சாலையை ஒட்டிய எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். பாதிப் பேர் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அவர்களுக்கு மூத்தவரை எல்லோரும் பெரியக்கா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கொட்டகை மேட்டில் இருந்தது. சரிவில் இறங்கினால் கேட் பக்கம் மிசின் ரூம். லாரி அங்கேதான் நிற்கும் என்பதால் எடை போடும் தராசும் மிசின் ரூம் வாசலிலேயே இருந்தது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அபாயச் சங்கு ஒன்று வேண்டும் என்றார். முதலாளி புதிதாக வாங்கவில்லை. மூடிப்போன எங்கள் தொழிற்சாலையில் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது அங்கிருந்த சங்கையே வாங்கிக்கொண்டு வந்து மிசின் ரூம் கூரையில் ஏற்றிவிட்டார்.

முதல் ஒத்திகை அன்று மேனேஜர் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று, சங்கு ஊதினால் எல்லோரும் எட்டப் போய்விட வேண்டும் என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அரை மணி கழித்து நான் சுவிட்சைப் போட்டேன். தொழிற்சாலையில் டீ நேரத்துக்கு ஊதிய அந்தச் சத்தம் கேட்டதும் என் கையே டம்ளரைத் தேடியது. பெண்கள் காரட் பெட்டிகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்கி, நேராக மிசின் ரூம் வாசலுக்கு வந்து, தராசுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "என்னுங்க இது? ஓடோணும்னு சொன்னா இங்கயே வந்து நிக்கறாங்க?"

"சங்கு ஊதினா நிறுவைக்கு வரணும் தானே" என்றார் பெரியக்கா.

"இது ஆபத்துச் சங்குங்க."

"அப்ப அது வேற மாதிரி கத்தணும் சார். இது நம்ம பேக்டரி சங்கு. தொண்டையிலயே தெரியுதே."

பின்னாலிருந்து ஒருத்தி, "எங்க வூட்டு நாயே இதக் கேட்டா எந்திரிச்சு வாசலுக்கு வந்துரும்" என்றாள். இன்னொருத்தி பெட்டியை இறக்கவே இல்லை. "நிறுக்கறதுன்னா நிறுங்க, கை வலிக்குது."

மறுபடி மறுபடி செய்து பார்த்தோம். மறதி இல்லை அது. கேட்டால் சரியாகப் பதில் சொல்வார்கள். சங்கு ஊதினால் மட்டும் கால் தன்பாட்டுக்கு இறங்கும். நடுவழியில் நினைவு வந்து சிலர் நிற்பார்கள், பின்னால் வருகிறவர்கள் அவர்கள் மேல் முட்டுவார்கள். தராசை மேட்டுக்கு மாற்றலாம் என்று கேட்டேன். லாரி ஏறாது என்றார்கள். வேறு மணி வைக்கலாம் என்றேன். "அதிகாரி சங்கப் பாத்துட்டுச் சரின்னுட்டாருங்க, இனி அத மாத்தினா மறுக்காவும் வரோணும்" என்றார் மேனேஜர். வால்வு இறுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். நிஜமாகவே ஒரு நாள் குழாய் விட்டுப்போனால் இந்த முப்பது பேரும் சுமையோடு, வரிசை கலையாமல், என்னிடம்தான் வருவார்கள். வேலை போனவர்களுக்கு இன்னொரு வேலை கிடைத்த இடம் அது. அங்கே அவர்கள் கண்ணைக் கொடுத்துவிட்டுப் போகக்கூடாது.

ஒரு நாள் காலையில், மூடுபனி இன்னும் விலகாதபோது, நான் ஏணியில் நின்று குழாய் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் ஒருவரையும் காணவில்லை. கழித்துப்போட்ட காரட் குவியலுக்குப் பக்கத்தில் கரிய சுவர் மாதிரி ஒரு காட்டெருமை நின்று மென்றுகொண்டிருந்தது. பெட்டிகள் போட்டது போட்டபடி கிடந்தன. வெட்டிக்கொண்டிருந்த கத்தி ஒன்று காரட்டில் பாதியில் நின்றது. பெண்கள் பக்கவாட்டில் இருந்த கற்பூர மரங்களுக்குள் ஆளுக்கொரு மரமாக நின்றிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. அது தின்று முடித்து வேலியைத் தாண்டிப் போனதும் திரும்பி வந்து, விட்ட இடத்தில் கத்தியை எடுத்தார்கள்.

ஏணியிலிருந்து இறங்கி மேட்டுக்குப் போய், யார் என்ன சொன்னது என்று கேட்டேன்.

"மாடு நிக்குதுன்னேன்" என்றார் பெரியக்கா. "வேற என்ன சொல்றது?"

மலையில் 'மாடு நிக்குது' என்றால் பால் கறக்கும் மாடு இல்லை. அதைப் பசு என்பார்கள். மாடு என்று மொட்டையாகச் சொன்னால் காட்டெருமைதான்.

"எப்படிக்கா இவ்வளவு சுளுவா ஒதுங்கினீங்க?"

"இது என்னா கேள்வி தம்பி? நேரா ஓடினா முட்டும். எங்க நிக்குதுன்னு பாக்கணும், குறுக்க ஒதுங்கணும். கூடையைத் தூக்கப் போனவ உசுரத் தூக்க முடியாது. சின்னதுல மலையில பழகினது."

நான் மிசின் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு, "அமோனியாவும் மாடுதான்க்கா" என்றேன்.

கொட்டகையே சிரித்தது. "அப்ப உங்க மிசின் ரூம்பு மாட்டுக் கொட்டாயா?" என்றாள் ஒருத்தி. "மேய்க்கறது நீங்கதானா?" என்றாள் இன்னொருத்தி. "சாணி அள்ளறதும் இவருதான்." அன்றிலிருந்து எனக்கு மாட்டுக்காரர் என்று பெயர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். கொட்டகைக் கூரையில் மூங்கில் நட்டு அதில் பழைய சேலைத் துணி ஒன்றைக் கட்டினேன், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய. வெள்ளை மூட்டத்தை யார் பார்த்தாலும் 'மாடு நிக்குது' என்று சொல்ல வேண்டும். மற்றதை அவர்களே செய்துகொள்வார்கள். சாயங்காலம் வேலை முடியும்போது விளையாட்டு மாதிரி பழகினோம். ஒரு முறைகூடப் பிசகவில்லை. மேனேஜரிடம், கொட்டகையில் வேறு ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன். "வச்சுக்குங்க, ஆனாச் சங்கும் இருக்கோணும்" என்றார். என்ன பழக்கம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மழை விட்ட ஒரு மதியம் அது நடந்தது. கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களுக்குள் போய் அடியில் தங்கும். அவ்வப்போது அதை வடிக்க வேண்டும். முகமூடி மாட்டிக்கொண்டு வடிகால் வால்வைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பழைய எண்ணெய் மெழுகு மாதிரி உறைந்து அடைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன். அடைப்பு ஒரே வெடிப்பாக விட்டது. எண்ணெயைத் துப்பிவிட்டு அமோனியா பீறிக்கொண்டு வந்தது. வால்வை மூடினால் மூடவில்லை. பின்னால் இருக்கிற பெரிய வால்வை மூட வேண்டும். என்னோடு கூடலூர்க்காரர் ஒருவர் வேலை செய்தார். அவர் "எண்டப்பா" என்றபடி வெளியே பாய்ந்தார். போகிற போக்கில், விதிப்படி, சங்கு சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனார்.

பெரிய வால்வைத் திருகிக்கொண்டே வாசல் வழியாகப் பார்த்தேன். இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் பெட்டி, ஒருவர் பின் ஒருவர், முன்னால் பெரியக்கா. மாடு நிக்குது என்று கத்தினேன். முகமூடிக்குள் அது முனகலாகவே நின்றது. கையை வீசிக் காட்டினேன். சீக்கிரம் வரச் சொல்கிறேன் என்று நினைத்து நடையைக் கூட்டினார்கள். இந்த முகமூடியைக் கழற்றினால் குரல் கேட்கும், ஆனால் குரல் வருவதற்குள் தொண்டை அடைத்துவிடும்.

அதற்குள் மூட்டம் வாசலைத் தாண்டி வழிந்தது. பெரியக்கா நின்றார். மூட்டத்தைப் பார்த்தார், கூரைத் துணியைப் பார்த்தார். சத்தமே போடாமல், பக்கத்தில் நிற்கிறவளிடம் சொல்வது போல, "மாடு நிக்குது" என்றது உதட்டசைவில் தெரிந்தது. அது வரிசையில் பின்னால் கை மாறிப் போவது எனக்குத் தெரிந்தது. பெட்டிகள் தரையில் விழுந்தன. காரட் சரிவெல்லாம் உருண்டது. காரட் கழுவும் தொட்டியில் முந்தானையை முக்கிக்கொண்டு எல்லோரும் குறுக்கே மரங்களுக்குள் போய்விட்டார்கள். சங்கு மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

நான் பெரிய வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திருகினேன். அப்போதுதான் வரிசை நின்ற இடத்தை ஒட்டியிருந்த ஆபீஸ் அறைக் கதவு திறந்தது. சங்கை ஒத்திகை என்று விட்டிருந்த மேனேஜர், சன்னல் வழியாக மாடு என்ற சொல் காதில் விழுந்ததும், கையில் ஒரு தடியோடு வெளியே வந்தார்.

"எங்க? எங்க மாடு? காரட்ட மேஞ்சிருச்சா?"

மாட்டை விரட்டுகிற மும்முரத்தில், ஹை ஹை என்று சொல்லிக்கொண்டே நேராக மூட்டத்துக்குள் நடந்தார். மரங்களுக்குள்ளிருந்து பெண்கள் கூவினார்கள், "சார், மாடு சார், போகாதீங்க." மாடு என்ற சொல் கேட்கக் கேட்க அவர் தடியை இன்னும் ஓங்கினார். வால்வு இறுகியதும் நான் வெளியே ஓடி வந்தேன். தராசுக்குப் பக்கத்தில் முழங்காலில் கிடந்தார். தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பெண்கள் அவரைத் தொட்டியோரம் உட்காரவைத்துக் குல்லாயைக் கழற்றி, கண்ணில் குவளை குவளையாகத் தண்ணீர் விட்டார்கள். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை.

இருமல் கொஞ்சம் அடங்கியதும், "மாடு... போயிருச்சுங்களா?" என்றார்.

"போயிருச்சு சார்" என்றார் பெரியக்கா. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம்தான் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து சிவந்த கண்ணோடு வந்தவருக்கு அந்தச் சொல்லை விளக்கினேன். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. "எங்கூர்ல மாடுன்னா தடிய எடுத்துட்டுப் பக்கத்துலதானுங்க போவோம்" என்றார். அது சரிதான். அந்தப் பெண்கள் சங்கைக் கேட்டுக் கீழே வந்ததும், இவர் மாடு என்று கேட்டு மூட்டத்துக்குள் போனதும் ஒரே காரியம். எதைக் கேட்டு வளர்ந்தோமோ அதன் பக்கம் கால் போகிறது. வால்வுக்கு இரண்டே பக்கம்தான், திறக்கும், மூடும். சொல்லுக்கு, அதைக் கேட்கிற ஆள் எந்த ஊரோ அத்தனை பக்கம் இருக்கிறது. நான் அதுவரை போன ஊர்களில் இதை யோசித்ததில்லை.

தராசை மேட்டுக்கு, மரங்களுக்குப் பக்கத்தில் மாற்றச் சொன்னவர் அவர்தான். லாரிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஏறி வந்து தூக்கட்டும் என்றுவிட்டார். இப்போது சங்கு ஊதினாலும் பெண்கள் மிசின் ரூமை விட்டு விலகித்தான் போவார்கள். சங்கு ஊதாத நேரத்துக்கு 'மாடு நிக்குது' இருந்தது. அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாமல் மீதி இருந்தவர்கள் கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள். அவர்களை மேனேஜரே கேட்டில் நிறுத்திக் கேட்க ஆரம்பித்தார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து முதல்முறை லாரி கொண்டுவந்த டிரைவரிடம் அவர் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "ஏனுங்க, இங்க யாராச்சும் மாடு நிக்குதுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

டிரைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பால் இருந்தாக் கறக்கறதுங்க."

மேனேஜர் சிரிக்கவில்லை. லாரியை அங்கேயே ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, கேட்டைப் பூட்டி, ஒதுங்க வேண்டிய மரங்களைக் காட்ட அந்த டிரைவரைக் கையைப் பிடித்து மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.