வண்டி ஏறாமல் பினாங்கில் மூன்று நாள்

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, கேமரன் மலையில் எங்கள் எஸ்டேட்டின் முனியாண்டி கோயில் வாசலில், என் தம்பியின் வேன் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறியது. நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நேரத்துக்கு எதிரே 'எஸ்டேட் கேட்டைத் தாண்டுகிறோம்' என்று பயணத் திட்டத் தாளில் நானே எழுதி வைத்திருந்தேன். தாளைக் கையில் பிடித்தபடி கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. வேனுக்குள் கதவோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த என் மகள் கண்ணைத் திறந்தாள். கீழே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கதவைத் தள்ளித் திறந்து பையோடு இறங்கி, வந்த வழியிலேயே மேட்டில் ஏறி நடக்கத் தொடங்கினாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. அன்று காலைக்கு முன் பதினொரு மாதமாக அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை.

அந்தப் பதினொரு மாதத்துக்கு முன்னால் நாங்கள் ஒரு பழைய கார், எங்கள் பேச்சில் காடி, வாங்கியிருந்தோம். அதன் முதல் பயணம் ஈப்போவுக்கு. என் கணவர் ஓட்டினார், மகள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்கு எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வேலை. அன்று மாதக் கடைசி, லீவு கிடைக்கவில்லை. கோலா தெர்லாவைத் தாண்டி ஒரு வளைவில், காய்கறி ஏற்றிய லோரி ஒன்று அகலமாகத் திரும்பி அவர்களை மலைப்பக்கச் சுவரோடு வைத்து அழுத்திவிட்டது. கணவருக்குத் தோள் எலும்பு உடைந்தது. மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கதவு நசுங்கி, அதை அறுத்து அவளை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவள் எங்களிடம் எதுவும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் நடைதான். தானா ராத்தாவில் ஆறாம் படிவம் படித்தாள். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். காலையில் நான் கூடப் போவேன். மாலையில் அவள் அப்பா, தேயிலை ஆலையில் வேலை முடித்துவிட்டுப் போய் அழைத்து வருவார். மழைக்கு இரண்டு குடை கிழிந்தன. சமாளித்துவிட்டோம் என்றே நினைத்திருந்தேன். அப்போதுதான் ஈப்போவில் தாதியர் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவள் ஆசைப்பட்டுக் கேட்ட இடம். பதிவு செய்ய மூன்று வாரம் இருந்தது. ஈப்போவுக்கு நடந்து போக முடியாது.

பினாங்கை அவளேதான் சொன்னாள். வரப்போகிற நீண்ட விடுமுறையைப் பற்றி அவள் அப்பாவும் நானும் பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசியை நீட்டினாள்.

"இங்க இறங்கிட்டா எல்லாத்தையும் நடந்தே பாக்கலாமாம். கோட்டை, கடல், கோயில், சாப்பாடு, எல்லாம். போறதுக்கு ஒரு தடவ ஏறணும், வர்றதுக்கு ஒரு தடவ. நடுவுல மூனு நாள் கால் மட்டும்தான்."

"அது முடிஞ்சா ஈப்போ முடியுமா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது முடிஞ்சாத்தான் தெரியும்மா."

எனக்குத் தெரிந்த வேலை தாளில் கோடு போட்டு எழுதுவது. மூன்று பக்கம் எழுதினேன். ஜார்ஜ்டவுனில் துறைமுகத்திலிருந்து ஹோட்டலுக்கு எத்தனை நிமிடம், அவள் நடைக்கு எத்தனை, என் நடைக்கு எத்தனை. எந்தத் தெருவில் கடைகளுக்கு முன்னால் நிழலான ஐந்தடி நடைபாதை, எந்த மூலையில் உட்கார இடம், மழை வந்தால் எந்தக் கடைக்குள் ஒதுங்கலாம். கடலுக்குள் கால் நட்டு நிற்கிற மரவீடுகளை மாலையில் பார்ப்பது, காலையில் பார்த்தால் வெயில். வேனை இக்கரையில் பட்டர்வொர்த்தில் நிறுத்திவிட்டு ஃபெர்ரியில் நடந்தே ஏறி அக்கரைத் தீவுக்குப் போவது. பாலம் வழியாகப் போனால் வண்டியில் இன்னும் கொஞ்ச நேரம் கூடும், அதனால் பாலம் வேண்டாம்.

ஃபெர்ரி வண்டியா இல்லையா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள்.

"ஆடுமா?" என்றாள்.

"கொஞ்சம் ஆடும்," என்றார் அவள் அப்பா. பொய் சொல்ல வராது அவருக்கு.

"நின்னுக்கிட்டே போலாமா?"

"போலாம்."

"அப்ப சரி. அது வண்டி இல்ல."

வேனுக்கும் நிபந்தனைகள் வைத்தாள். கதவோர சீட் அவளுக்கு. மாமா யாரையும் முந்தக் கூடாது. அவள் நிறுத்தச் சொன்னால் எங்கே என்றாலும் நிறுத்த வேண்டும். யாராவது 'ஒன்னும் ஆகாது' என்று சொன்னால் அவரை வழியிலேயே இறக்கிவிட வேண்டும்.

"அப்ப ஒங்கம்மாவ இப்பவே இறக்கிவிட்டுப் போயிடலாம்லா," என்றான் என் தம்பி. நெடுநாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் ஹோட்டலுக்கு உறுதி சொன்னேன்.

எலுமிச்சம்பழம் அந்த மூன்று பக்கத்தில் எங்கேயும் இல்லை. அதை நான் எழுதவில்லை.

எங்கள் எஸ்டேட்டில் மலையை விட்டு இறங்குகிற வண்டி எதுவானாலும் கேட்டருகே முனியாண்டி கோயில் முன்னால் நிற்கும். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் போகும். பழைய காடியின் முதல் பயணத்துக்கும் அப்படித்தான் வைத்தோம். வேலைக்குப் போகும் வழியில் நானும் அங்கே நின்றேன். பின்பக்கம் இடது சக்கரத்துப் பழம் நசுங்காமல் வழுக்கி வெளியே வந்து, உருண்டு சாக்கடையில் விழுந்தது. நான் பார்த்தேன். அவர்களுக்கு நேரமாகிறது என்று ஒன்றும் சொல்லாமல் கையசைத்து அனுப்பிவிட்டேன். படித்தவள்தான், பழத்துக்கும் லோரிக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பதினொரு மாதமாக அந்தப் பழம் என் கண்முன் உருண்டுகொண்டே இருந்தது.

அதனால் முந்தின நாள் தானா ராத்தா பாசாரில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து நாலு பழம் வாங்கினேன். தம்பியிடம் மட்டும் கோயிலருகே ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னேன். வேன் நின்றதும் நானே இறங்கி, நாலு பழத்தையும் சக்கரத்துக்கு நடுவாகப் பார்த்து வைத்தேன். என் மனதெல்லாம் பின்பக்கம் இடது சக்கரத்தில் இருந்தது. அன்றைக்கு இதே இடத்தில், இதே சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அவளும் புறப்பட்டாள் என்பது அந்தச் சத்தம் கேட்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

அவள் அப்பா பின்னால் ஓடினார். அவள் திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, "வராதீங்கப்பா," என்றாள். அவர் நின்றுவிட்டார். அஞ்சு நிமிடம் தனியாக விடுவோம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அந்த அஞ்சு நிமிடத்தில் மூடுபனி கேட் வரைக்கும் இறங்கிவிட்டது. அவள் கைப்பேசி வேன் சீட்டிலேயே கிடந்தது.

எங்கள் வீடு இருக்கும் லயத்து வரிசைக்குத் திரும்பி ஓடினோம். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். எஸ்டேட் பிள்ளைகள் பாதிப் பேரைக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டாயில் வளர்த்துவிட்டவர்.

"அக்கா, பாப்பாவப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. பையோட இப்பத்தான் மேல போச்சு. எங்கம்மா போறேன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஊருக்குக் கிளம்பின பிள்ளையப் போயி எங்க போறேன்னு கேக்கலாமா? ஆகாதுல்ல? நல்லபடியா போயிட்டு வரட்டும்னு பேசாம உள்ள போயிட்டேன்."

அவர் மேல் எனக்கு எப்படிக் கோபம் வரும்? நானும் அப்படித்தான், கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்க மாட்டேன். மேலே மூன்று பாதை பிரிகிறது. மூன்றும் தேயிலைக்குள் போகும்.

தம்பி வேனை எடுத்துக்கொண்டு தானா ராத்தா பக்கம் போனான், தேயிலைக்குள் புகுந்து பள்ளிக்கூடப் பாதைக்கு இறங்கியிருப்பாளோ என்று. கணவர் மலையேறினார். நீ வீட்டில் இரு, வந்தால் யாராவது இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் வாசலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் கைப்பேசிக்கு லைன் கிடைக்கும். அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். திட்டத் தாள் இன்னும் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

ஏழே காலுக்கு கோலா தெர்லா என்று எழுதியிருந்தது. அந்த வளைவைத் தாண்டும்போது அவளிடம் என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தேன். எட்டரைக்குப் பசியாறல். எட்டரைக்கு நான் அதே நாற்காலியில்தான் இருந்தேன். தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, டவுன் வரைக்கும் வந்துட்டேன், வழியில காணோம். இப்ப திரும்பி வர முடியலக்கா. கீழேருந்து அத்தன காடியும் ஏறி வருது. லீவுலா. அரை மணி நேரமா ஒரே எடத்துல நிக்கிறேன்."

"இறங்கி நடந்து வாடா."

"வேன நடு ரோட்டுல விட்டுட்டா?"

மலையில் இருக்கிற நாங்கள் இறங்க முடியாமல் கிடக்க, ஊரெல்லாம் தேயிலையைப் படம் பிடிக்க ஏறி வந்துகொண்டிருந்தது.

ஒன்பதரைக்கு இன்னொரு அழைப்பு. அவள்தான், யாரிடமோ கைப்பேசி வாங்கிப் பேசுகிறாள் என்று எடுத்தேன். பினாங்கு ஹோட்டல். உற்சாகமான ஒரு பெண்குரல் எத்தனை மணிக்கு வருவோம் என்று மலாயில் கேட்டது. காடி நிறுத்த இடம் வேண்டுமா என்றும் கேட்டது. வேண்டாம், நாங்கள் நடந்து வருகிறோம் என்றேன். கேமரன் மலையிலிருந்தா என்று சிரித்தது. என் குரல் உடைந்ததை அந்தப் பெண் லைன் கோளாறு என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மறுபடி கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

பத்து மணிக்குக் கணவர் இறங்கி வந்தார். முழங்கால் வரை சேறு. உடைந்து சேர்ந்த தோளை மற்றக் கையால் பிடித்திருந்தார். இரண்டு பாதையைப் பார்த்தாயிற்று, மேலே பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, கூப்பிட்டால் பதில் இல்லை என்றார். தொட்டியில் தண்ணீர் மொண்டு குடித்தார். அப்போதுதான் அந்த உருண்ட பழத்தைப் பற்றி முதல் தடவையாக அவரிடம் சொன்னேன்.

மொண்ட குவளையைத் தொட்டி விளிம்பில் வைத்தார்.

"அன்னிக்கு நாலும் நசுங்கியிருந்தாலும் அந்த லோரிக்காரன் அப்படித்தான் திரும்பியிருப்பான்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வச்சியா?"

"ஆமா."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல. நான் பிள்ளையக் கோயில் தாண்டி நடக்க வச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேனே."

அவ்வளவு சுலபமான வழி. மூன்று பக்கத்தில் எனக்கு அது வரவில்லை. அவர் மூன்றாவது பாதைக்குக் கிளம்பினார். நானும் எழுந்தேன். நீ இரு என்றார். இருந்தேன். பத்து நாற்பதுக்கு ஃபெர்ரி என்று தாளில் இருந்தது. அதன் கீழே 'பாப்பா நின்றுகொண்டு வருவாள், பக்கத்தில் நெருங்க வேண்டாம்' என்று எழுதியிருந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஆபீஸில் சொல்வார்கள். அன்றைக்கு அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பதினொன்று இருபத்தைந்துக்கு, மலை மேலிருந்து ஒரு லோரி வரும் சத்தம் கேட்டது. பறித்த கொழுந்தை மேல் டிவிஷனிலிருந்து ஆலைக்கு இறக்கும் எஸ்டேட் லோரி. அந்தச் சத்தம் ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கும், யாரும் தலை தூக்கிப் பார்க்க மாட்டோம். ஆனால் அன்று அது வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. மனிதன் நடக்கிற வேகத்தில். பனிக்குள்ளிருந்து விளக்கு தெரிந்தது. பிறகு முன்கண்ணாடி. லோரிக்குப் பக்கத்தில் ஒரு கையைக் கதவில் வைத்தபடி என் கணவர் நடந்து வந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் டிரைவருக்குப் பக்கத்தில், பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள்.

லோரி வாசலில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். என் அப்பா காலத்திலிருந்து அதே லோரியை ஓட்டுகிறவர்.

"கிராணியம்மா, நான் ஏறச் சொல்லல. கொழுந்து நிறுக்கிற கொட்டாயில உக்காந்திருந்துச்சு. மூட்ட ஏத்தி முடிச்சுப் பாக்குறேன், அதுவா கதவத் திறந்து ஏறி உக்காந்திருக்கு. முத கியருக்கு மேல போட விடல ஒங்க மக. மூட்டையில கொழுந்து சூடாகிப் போச்சுன்னா துரைக்கு நீங்கதான் பதில் சொல்லணும்லா."

நான் தலையாட்டினேன். பக்கத்தில் போகலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. அவள் கதவைத் திறந்தாள். உடனே இறங்கவில்லை. முகம் வெளுத்திருந்தது, மேலுதடு வேர்த்திருந்தது, சட்டை முன்னால் வாந்தியைத் துடைத்த ஈரம். கதவின் கைப்பிடியை விடாமல் கீழே, லோரியின் சக்கரத்தை, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஃபெர்ரிக்கு டயர் இல்லைல்ல?"