இராஜத்தின் பத்து நிமிடம்

ருவான்வெல்லை கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் இராஜத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. றக்வான பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபின் முப்பத்தாறு வருடம் கணவர் குமாரவேலோடு சேர்ந்து வியாபாரம் பார்த்தாள். போன மாசியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தவர் எழும்பவேயில்லை.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தாள். அழவில்லை. பருப்பு கேட்டவர்களுக்குப் பருப்பு நிறுத்தாள். சிங்களத்தில் துக்கம் விசாரித்தவர்களுக்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். மற்ற நேரமெல்லாம் நாற்காலிதான். ஆறு மாதத்தில் படியேறுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

மகள் கேஷானி கொழும்பில் பிசியோதெரபி வேலை பார்க்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டி டிரம்போலின் ஒன்றை வேனில் கொண்டுவந்து இறக்கினாள். கால் வைத்த வட்டச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய கறுப்புத் துணி, முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.

"இந்த வயசுல என்னைக் குதிக்கச் சொல்றியா?"

"குதிக்க வேணாம்மா. பாதம் துணிய விட்டு எழும்பவே கூடாது. கம்பியப் பிடிச்சுக்கிட்டு முட்டிய லேசா மடக்கி மடக்கி ஆடுங்க. முட்டி அவ்வளவா அடி வாங்காது. காலுக்குப் பலம் வரும். தடுமாறாம நிக்கலாம்."

"நின்னு என்ன செய்ய?"

கேஷானி கம்பியை ஆட்டிப் பார்த்து இறுக்கினாள். "அப்பா மாதிரி நீங்களும் விழுந்துறக் கூடாதும்மா."

மகளுக்காக ஏறினாள். அரிசி மூட்டைகளுக்கு நடுவே தினமும் காலையில் ஐந்து நிமிடம், பிறகு பத்து. பல் விளக்குவது போலத்தான் செய்தாள். பக்கத்துத் துணிக்கடை மஸீஹா எட்டிப் பார்த்து, "எப்பிடிக்கா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஆடுது."

மூன்றாம் மாதம், அடைமழையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மிதிபலகையில் கால் சறுக்கியது. பின்னால் நின்ற பெண், "அம்மே!" என்று கத்தினாள். இராஜத்தின் மற்றக் கால் தானாகப் போய்த் தரையில் ஊன்றியது. நின்றுவிட்டாள். குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். பயம் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை.

சாயங்காலம் மகளிடம் போனில், "இன்னைக்கு விழப் பார்த்தேன். விழல" என்றாள். மறுமுனையில் கேஷானி அழ ஆரம்பித்தாள். அழாதே என்று சொல்ல இராஜத்துக்குத் தோன்றவில்லை. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உங்கப்பாவையும் இதுல ஏத்தியிருக்கலாம்" என்றாள் பிறகு.

அவர் போனதிலிருந்து அவரைப் பற்றி அவள் தானாகச் சொன்ன முதல் பேச்சு அது.

மறுநாள் காலை மஸீஹா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "நானும் ஒருக்கா ஏறிப் பார்க்கவா?"

இராஜம் இறங்கி இடம் விட்டாள். "கம்பிய விட்டுறாதீங்க" என்றாள்.