கபடிக்காரியின் மூச்சளவு

செல்வியின் மூச்சளவை நான் பொய்யாக எழுதினேன். கைத்தவறு அல்ல. தெரிந்தே எழுதினேன்.

தொண்ணூறுகளில் நெல்லையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியனாக இருந்தேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. எதையும் அளந்து பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. விளையாடும் பிள்ளைகளின் நுரையீரலை அளக்க ஒரு கருவி வாங்கவைத்தேன். குழாயில் ஊதினால், தண்ணீரில் கவிழ்ந்திருக்கும் டப்பா மேலே ஏறும். எத்தனை லிட்டர் என்று அளவுகோல் காட்டும்.

ஆற்றில் நீந்திப் பழகியவர்கள் டப்பாவை உச்சிக்கு ஏற்றினார்கள். ஓட்டக்காரர்கள் அதற்கு அடுத்து. குண்டு எறிகிறவர்கள், அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, நடுவிலேயே நின்றுவிட்டார்கள். கபடிக்காரர்கள் நீச்சல்காரர்களுக்குச் சமமாக வரவேண்டும் என்பது என் ஆசை. ஒரே மூச்சில் பாடிப் போய்த் திரும்புகிறவர்கள் அல்லவா! ஆசை என்று இப்போது சொல்கிறேன்... அன்று அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருந்தேன்.

செல்வி கல்லிடைக்குறிச்சிப் பெண். எங்கள் கபடி அணியில் முதலில் பாடிப் போகிறவள். முதல் ஊதலில் இரண்டு லிட்டர். அடுத்தது ஒன்றேமுக்கால். மூன்றாவது ஒன்றரை.

"அடுப்பா ஊதுத? முக்கி ஊதுட்டி" என்று தோழிகள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஊத ஊத அளவு இறங்கினால் மூச்சுக்குழாய் சுருங்குகிறதா என்று பார்க்கவேண்டும். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் வேறொரு காரணம் இருந்தது. கபடி பாடுகிறவர்கள் மூச்சை ஒரேயடியாக விடமாட்டார்கள். சிறுகச் சிறுக விட்டுப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில் இவளும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள் என்று முடிவு செய்தேன். அவள் உயரத்துக்கு எவ்வளவு இருக்கலாமோ அதை எழுதினேன். மூன்றேகால்; நீச்சல்காரிகளுக்குச் சமம்.

மறுவாரம் மணிமுத்தாறில் போட்டி. களத்தில் இறங்குமுன் என்னிடம் வந்தாள்.

"சார், நெஞ்சுக்குள்ள விசிலடிக்கி. இன்னிக்கி ஆடவா, வேண்டாமா?"

"உனக்கு நீச்சல்காரி மூச்சு. போய் ஆடு" என்றேன்.

நான் இட்டுக்கட்டிய எண்ணை நானே நம்பிவிட்டேனா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எதிரணியில் தச்சநல்லூர்ப் பெண் ஒருத்தி அவள் இடுப்பைப் பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். பாட்டு அறுந்தது. நடுவர் விசில் ஊதியதும் எல்லோரும் எழுந்தார்கள், செல்வியைத் தவிர. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

உடலை அறுக்கவேண்டாம் என்று அவள் அம்மா எல்லோர் காலிலும் விழுந்தாள். விட்டுவிட்டார்கள். பிறகு கல்லூரியில் விசாரித்தார்கள். மூச்சுக்கோளாறு ஏதும் உண்டா என்று கேட்டபோது, நான் எழுதிய அளவைக் காட்டினேன். அப்படியானால் பிடித்தவள்மேல்தான் தப்பு என்று பேச்சு திரும்பியது. முரட்டுப் பிடி என்று ஊரே சொன்னது.

நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும், பென்ஷன் போகும்... அவ்வளவுதான். உங்களிடம் சொல்ல இதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

பிடித்தவள் அதன்பின் ஆடவேயில்லை. சில வருடம் கழித்து, தச்சநல்லூரில் ஒரு பாத்திரக் கடையில் அவளைப் பார்த்தேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்தாள். நான் கேட்ட குடத்தை எடுத்துவைத்தவள், என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சார், நீங்க பக்கத்துலதான நின்னீய. நான் ரொம்ப இறுக்கிட்டனா சார்?"

எத்தனை பேரிடம் அதைக் கேட்டிருப்பாளோ... பதில் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விளையாட்டுல இப்படியெல்லாம் நடக்கத்தாம்மா செய்யும். மனசுல வச்சுக்காத" என்றேன். மன்னிக்கிறவன் குரலில் சொன்னேன்!

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டாள்.

அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு கடையைவிட்டு வெளியே வந்தேன். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.